நினைத்த இடத்தில் நின்ற வண்டி

“அத்தை, இந்த வண்டிக்குள்ளேயே படுக்கை இருக்கு, அடுப்பு இருக்கு, தண்ணிக் குழாய் இருக்கு. கக்கூஸ்கூட இருக்கு!”

என் மகன் பெருமையோடு சொல்லி முடித்ததும் அக்காள் முகத்தைச் சுளித்தாள். “ஆக்கித் திங்கிற இடத்துலயே அதுவுமா? நான் வரல சாமி!”

அவளைச் சமாதானப்படுத்தி வண்டியில் ஏற்றுவதற்கே அரை மணி நேரம் ஆயிற்று.

அக்காளுக்கு வயது 78. முப்பத்தைந்து ஆண்டுகள் கித்தா மரம் சீவியவள். கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இருபதே மைல் தூரம். அப்படியிருந்தும் தலைநகரை அவள் நின்று நிதானமாகப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் தைப்பூசத்துக்குத் தோட்டத்திலிருந்து லோரி போகும். நாற்பது ஐம்பது பேர் நெருக்கியடித்து நின்றுகொண்டே போவோம். பலகைக்கு மேலே தலை எட்டியவர்களுக்குக் கோலாலம்பூர் தெரியும். என்னைப் போன்ற சிறுவர்களுக்கு முன்னால் நிற்பவரின் வேட்டிதான் தெரியும். வழியில் ஒரு வாய் தேநீர் குடிக்க வேண்டுமென்றாலும் லோரிக்காரர் மனம் வைத்தால்தான் உண்டு.

இப்போது நாங்கள் ஏறியது, ஒரு சிறிய வீட்டைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்தது போன்ற வண்டி. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேலை ஓய்வு பெற்றவர்கள் இத்தகைய வண்டிகளில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். நம் நாட்டிலும் சில ஆண்டுகளாக வாடகைக்குக் கிடைக்கின்றன. பிள்ளைகள் பணம் சேர்த்து மூன்று நாளைக்கு எடுத்திருந்தார்கள். நான், என் மனைவி, அக்காள், மகன், மருமகள், பத்து வயதுப் பேரன் ஆகிய ஆறு பேர் பந்திங்கிலிருந்து புறப்பட்டோம். வண்டியின் பின்புறத்தில் பேரனின் சைக்கிளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

மகனுக்குக் கேமரன் மலை ஆசை. மருமகளுக்கு மலாக்கா. அக்காள் கேட்டது வேறு: “நாம பொழைச்ச பக்கமெல்லாம் ஒருதரம் பார்த்துட்டு, பிரிக்பீல்ட்ஸையும் பார்த்துட்டு, பத்துமலைக்குப் போயிடலாம்.” வயதில் மூத்தவள் பேச்சே வென்றது.

மோரிப் சேறு

முதல் நிறுத்தம் மோரிப். இந்த வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கடல் என்றாலே மோரிப்தான். பள்ளிக்கூடச் சுற்றுலாவும் அங்கேதான். சங்கத்துக் குடும்ப நாளும் அங்கேதான். நீலக் கடலையும் வெள்ளை மணலையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் சாம்பல் நிறம். கடல் வற்றிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சேறு. ஆனால் மாலையில் வீசும் காற்று இருக்கிறதே, அதற்காகவே போகலாம்.

இந்தச் சேற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஜப்பான் சரணடைந்த பிறகு, 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷார் மலாயாவைத் திரும்பப் பெறுவதற்காகப் படையைக் கொண்டுவந்து இறக்கிய கரைகளில் மோரிப்பும் ஒன்று. வந்திறங்கியது 25ஆவது இந்தியப் படைப் பிரிவு. கப்பலிலிருந்து இறங்கிய வாகனங்களில் பல, சேற்றில் புதைந்து நின்றுவிட்டன. ஜப்பானியர் எதிர்த்துச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! கடற்கரையில் அந்நிகழ்ச்சிக்கு நினைவுக் கல் இருக்கிறது.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகன் வண்டியைக் கடலுக்குப் பக்கத்தில் கொண்டுபோக முயன்றான். “பட்டாளத்து வண்டியே முங்குன இடம்டா. அங்கேயே நிறுத்து!” என்று அக்காள் போட்ட சத்தத்தில் வண்டி தார்ச்சடக்கிலேயே நின்றது.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். மருமகள் நெத்திலிச் சம்பலும் சோறும் ஆக்கினாள். இந்த வண்டியில் மீன் பொரிக்காதீர்கள். வாடை மூன்று நாளைக்குப் போகாது. இரவு இரண்டு மணிக்கு வண்டியின் உள்கதவு ஒன்று திறந்து மூடும் சத்தம் கேட்டது. காலையில் அதைப் பற்றி அக்காளும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஜுக்ரா மலையடிவாரத்தில், சுல்தான் அலாவுடின் சுலைமான் ஷா 1905ஆம் ஆண்டு கட்டிய பண்டார் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தோம். மஞ்சள் பூச்சும் மரச் சித்திரவேலையும் கண்ணுக்கு அழகு. பிறகு பாலம் கடந்து கேரித்தீவு. எட்வர்ட் வாலன்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரரின் பெயர் அந்தத் தீவுக்கு. ஒரு காலத்தில் கித்தா; இப்போது செம்பனைக் கடல். அங்கே சுங்கை பும்பூன் கிராமத்தில் மா மெரி என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். சதுப்புநிலத்து நீரிக் கட்டையில் அவர்கள் செதுக்கும் முகமூடிகள் உலகப் புகழ் பெற்றவை. ஒவ்வொரு முகமூடிக்கும் ஒரு முன்னோர் கதை இருக்கிறது. அக்காள் ஒரு முகமூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நம்ம முனியாண்டி மாதிரியே முழிக்குது” என்றாள். செதுக்கிய பெரியவருக்குத் தமிழ் தெரியாது; ஆனாலும் புரிந்ததுபோல் சிரித்தார்.

“துரை வர்றார், இறங்கு!”

அடுத்து எங்கள் தோட்டம். கிள்ளானுக்குப் பக்கத்தில் இருந்தது என்று சொன்னால் போதும். இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்கு அங்கே வரிசை வரிசையாக மாடி வீடுகள், ஒரு பேரங்காடி, ஒரு பெட்ரோல் நிலையம். லயம் இல்லை, ஆலை இல்லை, பெரட்டுக் களம் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் கூரையும் கோபுரமும் புதிதாகி நிற்கிறது. அக்காள் கோயிலுக்கு முன்னால் நின்று கைகாட்டிக் கணக்குப் போட்டாள். “இது கோயில்னா, அது ஆஸ்பத்திரி. அதுக்குப் பக்கத்துல ஆயாக் கொட்டகை. அப்ப நம்ம லயம்…” அவள் விரல் போய் நின்ற இடத்தில் ஒரு வங்கியின் பணம் எடுக்கும் இயந்திரம் இருந்தது.

கோயிலுக்கு முன்னால் போகும் சாலை மட்டும் பழைய தோட்டத்துச் சடக்கின் வளைவிலேயே போகிறது. பேரன் சைக்கிளை இறக்கிக்கொண்டு அந்தச் சாலையில் பறந்தான். அக்காள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தவனிடம், “உன் பூட்டன் இந்தச் சடக்குல சைக்கிள விட்டு இறங்கித்தான் நடப்பாரு” என்றாள்.

“ஏன் பாட்டி, டயர் பஞ்சரா?”

இல்லை. எதிரே துரை வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். துரை மட்டுமா? கிராணி வந்தாலும் இறங்க வேண்டும். எங்கள் அப்பா இளைஞராக இருந்தபோது, பல மாதம் காசு சேர்த்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். “வாங்கப் பட்ட பாட்டைவிட, அதுலேர்ந்து இறங்கப் பட்ட வெட்கம்தான் பெருசு” என்று கடைசிக் காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தைப் பற்றி நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியாகத் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டினார். சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, முறையான மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு என்று நீண்டது அவர்களுடைய கோரிக்கைப் பட்டியல். அதே பட்டியலில் துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் இருந்தது. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. சொந்தத் தங்கையைப் பார்க்கப் போவதற்கும் துரையின் அனுமதி வேண்டியிருந்த காலம் அது.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தோட்டங்கள் மீண்டும் கொதித்தன. படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். துரைமார்கள் ஊரை விட்டே ஓடினார்கள் என்பது வேறு கதை.

பேரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். “நான் இறங்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஒரு சுற்றுப் போய் வந்தான். அக்காள் அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போனாள். நாங்கள் அங்கே அரை நாள் இருந்துவிட்டோம். எந்தப் பயண நூலிலும் இந்த இடம் இருக்காது. ஆனால் உங்கள் பயணத்தில் உங்கள் தோட்டத்துக்குக் கட்டாயம் ஒரு நிறுத்தம் வையுங்கள்.

கிள்ளானில்

மாலையில் துறைமுகத்துக்குப் போனோம். 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சலால் துறைமுகமே முடங்கும் நிலை வந்தது. கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவிட்டு, காட்டை வெட்டிக் கொசுவை ஒழித்தார். திட்டம் அவருடையது, சேற்றில் இறங்கி மண்வெட்டி பிடித்த கூலிகளின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்? ராஜுலா கப்பலை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்த கப்பல் அது. எங்கள் தாத்தா வந்தது அதற்கும் முந்திய கப்பலில். எந்தக் கப்பல் என்று அக்காளுக்கும் ஞாபகமில்லை.

இன்று அங்கே மலைபோல் அடுக்கிய சரக்குப் பெட்டிகள்தான் தெரிகின்றன. பூலாவ் கெத்தாமுக்குப் படகு ஏறுகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். நாங்கள் நண்டுக் குழம்போடு திருப்தியடைந்தோம்.

கிள்ளான் ஆற்றைப் பார்க்கிறவர்கள் கோத்தா பாலத்தை அவசியம் பாருங்கள். அது இரட்டை அடுக்குப் பாலம். மேலே மோட்டார் வண்டிகள், கீழே நடந்து போகிறவர்களும் சைக்கிள்காரர்களும். ஏழைக்கும் ஒரு தளம் ஒதுக்கிக் கட்டிய பாலம் என்று அப்பா சொல்வார். பக்கத்தில் வேறு பாலம் வந்த பிறகு மேல்தளத்தில் வண்டிகள் ஓடுவதில்லை. கீழ்த்தளத்தில் மட்டும் நடமாட்டம் நிற்கவேயில்லை!

தெங்கு கிளானா சாலையைப் பற்றி நான் எழுதியா தெரிய வேண்டும்? தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தோட்டங்கள் அத்தனையும் திரண்டு வரும் சாலையாயிற்றே. பூச்சரம், புடவை, வெள்ளிக் கொலுசு, முறுக்கு, ஒலிபெருக்கியில் பாட்டு. என் மனைவியும் மருமகளும் ஒரு கடைக்குள் போய் இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தார்கள். அந்த நேரத்தில் நானும் அக்காளும் 1892ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்துவிட்டோம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. அன்று சாதாரண நாள். மண்டபத்துக் கல் தரையில் அக்காள் சிறிது நேரம் படுத்தே எழுந்தாள்.

இரவு உறவினர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். “வீட்டுக்குள்ள வந்து படுக்காம வாசல்ல வண்டியில படுத்தா ஊர் என்ன சொல்லும்?” என்று அவர்களுக்கு மனத்தாங்கல். கடைசியில் அந்த வீட்டுப் பிள்ளைகள் மூவரும் எங்கள் வண்டியில் வந்து படுத்துக்கொண்டார்கள். நாங்கள் அவர்கள் வீட்டில் படுத்தோம்.

நெடுஞ்சாலைக்கு அடியில் தோட்டம்

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் கூட்டரசு நெடுஞ்சாலையைப் பிடித்தோம். ‘அங்கே பார்க்க என்ன இருக்கிறது, காரும் கட்டடமும்தானே’ என்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஷா ஆலம் வந்தது. 1978இல் சிலாங்கூரின் தலைநகரான இந்த நகரம், சுங்கை ரெங்கம் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. பெட்டாலிங் ஜெயா வந்தது. 1950களில் எஃபிங்ஹாம் தோட்டத்தின் மேல் எழுப்பிய நகர் அது. சிலாங்கூர் தன் மடியிலிருந்த கோலாலம்பூரை 1974 பிப்ரவரி 1ஆம் நாள் மத்திய அரசுக்குக் கொடுத்ததை நினைவூட்டும் பெரிய வளைவைக் கடந்தால் பங்சார். இன்றைக்குப் பணக்காரர்கள் வாழும் பங்சாரின் பெயர், பஞ்ச், கிரிசார் என்ற இரு ஐரோப்பியர்களின் கித்தாத் தோட்டப் பெயரிலிருந்து வந்தது. சாலையிலிருந்து தள்ளி, 1998 காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்த புக்கிட் ஜாலில் அரங்கும் தோட்டத்து நிலமே.

அக்காள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தாள். “அப்ப இதெல்லாம் யாரோ நம்ம ஆளுங்க நெறை புடிச்சு மரம் வெட்டின இடமா?” என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாடிக் கட்டடத்தையும் பார்த்து, “இது எந்தத் தோட்டம்?” என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

ஒரு எச்சரிக்கை: பிரிக்பீல்ட்ஸில் இந்த வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. மாடி நிறுத்துமிடங்களின் வாசலில் இதன் தலை இடிக்கும். ஆகவே மகன் எங்களைச் சாலையோரத்தில் இறக்கிவிட்டு, வண்டியைப் பத்துமலைக்கு ஓட்டிப் போய்விட்டான்.

1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் கோலாலம்பூரின் மரவீடுகளும் அத்தாப்புக் குடிசைகளும் அழிந்தன. இனிமேல் செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அந்தச் செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பிறகு ரயில் வந்தது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் போகும் பாதை 1886இல் திறந்தது. தண்டவாளம் போட்டது தமிழ்நாட்டுக் கூலி; நிலையத்தில் பச்சைக்கொடி காட்டியதும் கணக்கு எழுதியதும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். அவர்கள் 1902இல் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயில் ஸ்காட் சாலையில் இருக்கிறது. 1894ஆம் ஆண்டின் பௌத்த மகாவிகாரை, 1904ஆம் ஆண்டின் விவேகானந்தா ஆசிரமம், மாதா கோயில், சீனர் கோயில் எல்லாமே நடக்கும் தூரத்தில் உள்ளன. மகாவிகாரை இருக்கும் தெருவுக்கே பெர்ஹாலா, அதாவது தெய்வச் சிலை, என்று பெயர்.

அரசாங்க ஊழியர்கள் வாழ்ந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வீடுகளைப் பார்க்க ஆசைப்பட்டேன். இடித்துவிட்டார்கள். பழைய ரயில் முற்றத்தின் மேல் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் வந்தது. லிட்டில் இந்தியா வளைவுகளையும் யானைச் சிற்பங்களையும் பார்த்து அக்காள் மகிழ்ந்தாள். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்தபோது திறப்புவிழா நடந்தது. என்னைக் கேட்டால், சாலையோரத் தள்ளுவண்டியில் ஆவி பறக்கும் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அந்த வளைவுகள் ஈடாகா. நடைபாதையில் மேடிட்ட கற்களைத் தடவிக்கொண்டு வெள்ளைக் கோலோடு வந்த ஒருவருக்கு எல்லாரும் வழிவிட்டார்கள். பார்வையற்றோர் சங்கம் இருப்பதால் இங்கே அவர்கள் நடமாட்டம் அதிகம். அப்படி ஒருவரிடம் அக்காள் கால்களைப் பிடித்துவிடச் சொன்னாள். “பாட்டி, நீங்க மரம் வெட்டினவங்களா?” என்று அவர் தமிழிலேயே கேட்டார். எப்படித் தெரிந்தது என்று அக்காளுக்கு இன்னும் ஆச்சரியம்.

அந்தப் பெரிய சாலையின் பெயர் துன் சம்பந்தன் சாலை. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போனவர்கள் நம்மவர்கள். அப்போது தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தவர் சம்பந்தன். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைத் தொழிலாளர் பணமே வாங்கியது. எங்கள் அம்மா தாலிக்கொடியிலிருந்த குண்டுமணியை விற்றுப் பத்து வெள்ளி கட்டினாள். பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்த அக்காள், “அம்மாவோட பத்து வெள்ளி இதுல எங்கயாவது இருக்குமா தம்பி?” என்று சிரித்தாள்.

பத்துமலை

கே.எல். சென்ட்ரலிலிருந்து பத்துமலைக்கு 2010 முதல் கொமியூட்டர் ரயில் போகிறது. ஹப்பேக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து 1910இல் முடிந்த பழைய ரயில் நிலையத்தையும், நம்மவர் பல தலைமுறை உழைத்த செந்தூல் பட்டறைப் பகுதியையும் கடந்து, மலையடிவாரத்திலேயே இறக்கிவிட்டது.

தம்புசாமிப் பிள்ளை முயற்சியால் 1892இல் இங்கே தைப்பூசம் தொடங்கியது. 2006இல் திறக்கப்பட்ட 140 அடி முருகன் சிலையை அக்காள் நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை. லோரிக் காலத்தில் அவளுக்குச் சாமியைவிட நேரம்தான் பெரிது. இரண்டு மணிக்கு லோரி எடுப்பார்கள்; தவறவிட்டால் தோட்டத்துக்குத் திரும்ப வழியில்லை. கூட்டத்தில் முட்டி மோதி ஏறி, ஒரு கும்பிடு போட்டு, ஓட்டமாக இறங்க வேண்டும்.

இப்போது 272 படிகளும் வண்ணம் பூசிக் கிடந்தன. முழங்கால் வலி உள்ளவள் ஏற வேண்டாம் என்று தடுத்தோம். கேட்கவில்லை. பத்துப் படி ஏறுவாள், உட்காருவாள், குரங்குகளைத் திட்டுவாள், மறுபடியும் ஏறுவாள். மேலே போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. குகைக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்தவளை எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

இறங்கி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மகன் வண்டியில் தேநீர் போட்டு வைத்திருந்தான். வண்டியை மறுநாள் நண்பகலில் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றான்.

“அப்ப இன்னும் ஒரு இடம் பார்க்கலாம்” என்றாள் அக்காள். “பாத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தென்னமரம்னு ஒரு தோட்டம் உண்டாமே?”

உண்டு. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை பயிரிட்ட தோட்டம் அது. பாத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. தோட்டத்தின் பெயரோ தமிழிலேயே இருந்துவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படலாம் என்று முடிவு செய்தோம். அக்காள் நாலு மணிக்கே எழுந்து, பெரட்டுக்குப் போகிறவளைப் போல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.